தெள்ளுப்பூச்சியின் காலில் என்ன இருக்கிறது?

ஹாலந்து நாட்டில் டெல்ப்ட் என்று ஓர் ஊர். கூடை பின்னிப் பிழைத்த ஒருவருக்கு 1632-ம் ஆண்டு அங்கே ஒரு மகன் பிறந்தான். அவன்தான் அந்தோணி வான் லீவன்ஹாக்!

சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். 16 வயதில் ஜவுளி வியாபாரம் பழக ஆம்ஸ்டர்டாம் சென்றான். பிறகு ஊர் திரும்பிச் சொந்தத்தில் துணிக்கடை வைத்தான்.

லீவன்ஹாக்குக்கு ஓர் ஆசை. கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து, கடுகு போன்ற பூதக்கண்ணாடிகள் செய்தார். கண்ணில் பட்டதை எல்லாம் அதில் வைத்துப் பார்த்தார். பார்த்ததை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். முதல் கடிதம் 1673-ல் போயிற்று.

தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருப்பதாக அவர் எழுதியதும் அறிஞர்கள் திகைத்தார்கள். லத்தீன் தெரியாத கடைக்காரர் சொல்வதை எப்படி நம்புவது? லீவன்ஹாக் சளைக்கவில்லை. நேரில் பார்த்த 8 பேரிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677-ல் ராபர்ட் ஹூக் என்ற அறிஞர் தாமே பார்த்து, உண்மைதான் என்றார். 1680-ல் ராயல் சொசைட்டி லீவன்ஹாக்கை உறுப்பினர் ஆக்கியது!

1682-ல் இறைச்சியின் மெல்லிய நாரை ஆராய்ந்தார். நாரின் குறுக்கே வரிவரியாகக் கோடுகள்! திமிங்கிலத்தின் தசையைப் பார்த்தவர், அற்பப் பூச்சிகளையும் விடவில்லை. தெள்ளுப்பூச்சி புழுதியில் தானாகப் பிறக்கிறது என்று அந்நாளில் பலர் நம்பினார்கள். அதுவும் முட்டையிலிருந்தே பிறக்கிறது என்று அவர் காட்டினார்.

அந்தக் கோடுகளின் ரகசியம் இன்று தெரியும். மனிதத் தசையில் இரு கோடுகளுக்கு இடையே உள்ள தூரம், ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காக்கினால் அதில் 2 அல்லது 3 பங்குதான். பூச்சி, நண்டு இனங்களில் இது தசைக்குத் தசை மாறும். ஈயின் சிறகை அசைக்கும் தசையில் சுமார் 3 பங்கு. கொடுக்கை இறுக்கும் நண்டுத் தசை சிலவற்றில் 10 பங்குக்கும் மேல்! கோடுகள் நெருங்கி இருந்தால் வேகம். அகன்று இருந்தால் பலமான பிடி.

லீவன்ஹாக் 1723-ல், தமது 90-வது வயதில் காலமானார். கடைசி நாட்கள் வரை கடிதம் எழுதினார். தாம் செய்த 26 வெள்ளி மைக்ராஸ்கோப்புகளை ராயல் சொசைட்டிக்கே விட்டுச் சென்றார்.

பட்டம் பெறாத ஜவுளிக் கடைக்காரர், படித்தவர்கள் பார்க்காததைப் பார்த்தார். காரணம் பொறுமைதான்!