பட்டினியில் மறைந்த பெரெல்மான்: இயற்பியலை எளியோருக்கு எடுத்துச் சென்ற ரஷ்யப் பத்திரிகையாளர்

இயற்பியல் நூல்களால் உலகப் புகழ் பெற்ற ரஷ்ய எழுத்தாளர் யாக்கோவ் பெரெல்மான், லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் உயிரிழந்து 80 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இயற்பியல் அறிஞர் என்றே வாசகர்கள் பலர் இன்றும் கருதும் அவர், இயற்பியலில் பட்டம் பெற்றவரோ ஆய்வகத்தில் பணியாற்றியவரோ அல்லர். வனவியல் பயின்று, பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளைச் செலவிட்டவர்.

அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று போலந்தில் உள்ளதுமான பியலிஸ்டோக் நகரில் 1882 டிசம்பர் 4-ஆம் தேதி அவர் பிறந்தார். தொழிற்சாலைக் கணக்கரான தந்தை மறு ஆண்டே காலமானார். தொடக்கப் பள்ளி ஆசிரியையான தாய், தமது சொற்ப வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

அவரது எழுத்துப் பணி ஒரு வதந்தியை மறுப்பதில் தொடங்கியது. 1899-ஆம் ஆண்டில், வானிலிருந்து நெருப்பு மழை பொழிந்து உலகம் அழியப் போகிறது என்ற அச்சம் மக்களிடையே பரவியது. அப்போது பள்ளி மாணவராக இருந்த பெரெல்மான், அவ்வாண்டு எதிர்பார்க்கப்பட்டது குறிப்பிட்ட கால இடைவெளியில் நிகழும் எரிகற்பொழிவு மட்டுமே என்றும், அதனால் எவருக்கும் தீங்கில்லை என்றும் விளக்கி, குரோட்னோ மாகாணச் செய்தித்தாளில் கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 16.

1901-ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வனவியல் கழகத்தில் சேர்ந்த அவர், அதே காலத்தில் 'இயற்கையும் மனிதர்களும்' என்ற இதழில் எழுதத் தொடங்கினார். 1909-இல் வனவியல் பட்டம் பெற்ற பின்னரும் காட்டுப் பணிக்குச் செல்லவில்லை. இதழின் ஆசிரியர் குழுவிலேயே தொடர்ந்து, விண்வெளி, கணிதம், இயற்பியல் எனப் பல துறைகளைப் பற்றியும் எழுதிக் குவித்தார்.

1913-ஆம் ஆண்டு வெளியான 'பொழுதுபோக்கு இயற்பியல்' நூலின் முதல் பாகம் அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. இரண்டாம் பாகம் 1916-இல் வெளிவந்தது. புதிய தகவல்களைத் திணிப்பதைவிட, வாசகர் அறிந்ததாக எண்ணியிருப்பதை மீண்டும் யோசிக்கச் செய்வதே இந்நூலின் வழி.

சூரியனைச் சுற்றி நாம் வேகமாகச் செல்வது பகலிலா, இரவிலா என்ற கேள்வி அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நள்ளிரவில் நாம் நிற்கும் பக்கத்தில், பூமி தன் அச்சில் சுழலும் திசையும் சூரியனைச் சுற்றும் திசையும் ஒன்றாகின்றன. நண்பகலில் அவை எதிரெதிராகின்றன. எனவே இரவில்தான் வேகம் அதிகம்.

புகழ்பெற்ற கதைகளையும் அவர் இதே முறையில் சோதித்தார். எச்.ஜி.வெல்ஸ் படைத்த கண்ணுக்குப் புலப்படாத மனிதனின் கண்களும் ஒளியைத் தடுக்காமல் கடத்திவிடும் என்பதால், அவனால் எதையும் பார்க்க இயலாது என்று காட்டினார். ஜூல் வெர்ன் கதையில் பீரங்கியால் நிலவை நோக்கிச் சுடப்படும் பயணிகள், புறப்படும் கணத்தின் வேக மாற்றத்திலேயே நசுங்கி இறந்திருப்பர் என்று கணக்கிட்டுக் கூறினார்.

விண்வெளிப் பயணத்துக்கு ராக்கெட்டே வழி என்று கூறிவந்த கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கியின் கருத்துகளைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தவர்களில் பெரெல்மான் முதன்மையானவர். அவரது 'கோள்களுக்கிடையே பயணம்' 1915-இல் வெளியானது. 1930-களின் தொடக்கத்தில் லெனின்கிராடில் ராக்கெட் ஆய்வுக் குழு அமைந்தபோது அதிலும் அவர் பங்கேற்றார். பின்னாளில் சோவியத் விண்வெளித் திட்டத்தை வழிநடத்திய செர்கேய் கொரலியோவ் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார்.

புரட்சிக்குப் பின் கல்வித் துறையில் பணியாற்றிய பெரெல்மான், 1919 முதல் பத்தாண்டுகள் 'இயற்கையின் பட்டறையில்' என்ற அறிவியல் இதழை நடத்தினார். 1935 அக்டோபரில், அவரது முன்முயற்சியால் லெனின்கிராடில் பொழுதுபோக்கு அறிவியல் இல்லம் திறக்கப்பட்டது. காட்சிப் பொருள்களைத் தொடக்கூடாது என்ற வழக்கமான தடை அங்கு இல்லை. பார்வையாளர்கள் கருவிகளைத் தாமே இயக்கிப் பார்த்தனர். பத்து லட்சம் என்பது எவ்வளவு பெரிய எண் என்பதைக் கண்ணால் உணர, அங்கு அத்தனை சிறு வட்டங்கள் ஒரே பரப்பில் அச்சிடப்பட்டிருந்தன.

1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்ததும் அந்த இல்லம் மூடப்பட்டது. செப்டம்பர் 8-ஆம் தேதி லெனின்கிராட் முற்றுகைக்குள்ளானது. நவம்பர் பிற்பகுதியில், தொழிலாளர் அல்லாதோருக்கான அன்றாட ரொட்டிப் பங்கீடு 125 கிராமாகக் குறைந்தது.

அறுபதை நெருங்கிய வயதில், அந்தப் பட்டினிக்கு இடையிலும் பெரெல்மான் தமது பணியை நிறுத்தவில்லை. படைப்பிரிவுகளைச் சேர்ந்த உளவு வீரர்களுக்கு, கருவிகள் ஏதுமின்றித் திசையறிவதையும் தொலைவை மதிப்பிடுவதையும் கற்பித்தார். பொழுதுபோக்கு வடிவியல் பற்றிய தமது நூலில் கைவிரலையும் மரநிழலையும் கொண்டு அளப்பதற்கு அவர் எழுதிய பாடங்கள், இப்போது உயிர் காக்கும் பயிற்சியாக மாறின.

மருத்துவரான அவரது மனைவி அன்னா 1942 ஜனவரியில் பட்டினியால் இறந்தார். இரு மாதங்களில், மார்ச் 16-ஆம் தேதி, பெரெல்மானும் அதே காரணத்தால் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 59.

அவர் உருவாக்கிய அறிவியல் இல்லம் போருக்குப் பின் மீண்டும் திறக்கப்படவில்லை. ஆனால் அவரது நூல்கள் பல மொழிகளில் தொடர்ந்து அச்சாயின. மாஸ்கோவின் மீர் பதிப்பகம் குறைந்த விலையில் வெளியிட்ட மொழிபெயர்ப்புகள் வழியே இந்திய மாணவர்களிடையேயும் அவை பரவின. பூமியிலிருந்து காண இயலாத நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பள்ளத்துக்குப் பெரெல்மானின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.