தாமஸ் டேனியல் கண்ட எழில்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளைக் கையிலேந்தி அழகு பார்க்கும் நாம், மங்களூர் வட்டாரத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. மலையும் அருவியும் பாழடைந்த கோட்டையும் இருந்தாலன்றோ எழில் என்கிறோம்! இவ்வெண்ணத்தைப் பரப்பியோருள் ஒருவர் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல்.

இவர் 1749ஆம் ஆண்டு தேம்சு நதிக்கரையிலுள்ள கிங்ஸ்டனில் பிறந்தார். இளமையில் கோச்சு வண்டிகளில் செல்வர்தம் குலச்சின்னம் தீட்டும் தொழிலைப் பயின்றார். இயற்கையை ஓவியமாகவே காணவேண்டும் என்னும் கொள்கை அக்காலத்து இங்கிலாந்தில் ஓங்கியிருந்தது. கரடுமுரடான பாறையும் சிதைந்த சுவரும் அக்கொள்கையினர்க்கு விருந்து. டேனியல் தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமுடன் 1786இல் கல்கத்தா வந்தடைந்தார்.

வடநாட்டைச் சுற்றியபின் இருவரும் 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டனர். திப்பு சுல்தானுடன் ஆங்கிலேயர் நடத்திய மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து ஏறத்தாழ ஒரு மாதமே ஆகியிருந்தது. ஆயினும் இராயக்கோட்டையும் சங்ககிரியும் அவர்தம் ஓவியங்களில் அமைதி தவழும் குன்றுகளாகவே தோன்றுகின்றன. போரில் நிலமிழந்த குடியானவனை அங்கே தேடினால் நமக்கு ஏமாற்றமே. மனிதர்கள் பெரும்பாலும் பாறையின் உயரத்தை உணர்த்தும் அளவுகோலாகவே நிற்கின்றனர்.

குறையை மட்டும் கூறுதல் முறையன்று. கேமரா அப்ஸ்கூரா என்னும் கருவியின் துணையால் அவர்கள் கட்டடங்களின் அளவு பிசகாமல் வரைந்தனர். மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை, பின்னர்ப் புதுப்பிக்கப்படுமுன் எந்நிலையில் இருந்தது என்பதை இன்று அறிய விழைவோர் இவர்களிடமே செல்லவேண்டும். பாபநாசம் அருவி, திருச்சி மலைக்கோட்டை, மாமல்லபுரச் சிற்பப் பாறைகள் ஆகியவற்றையும் தீட்டினர்.

1794இல் தாயகம் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 அச்சோவியங்களை வெளியிட்டனர். தில்லி ஜும்மா மசூதியின் கீழை வாயிலுடன் தொடங்கும் அத்தொகுதியின் முழு விலை 210 பவுன். வாங்கியோர் எத்தகையோர் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. செசின்கோட் மாளிகைத் தோட்டத்தில் இந்தியப் பாணிக் கட்டட அமைப்புகளையும் தாமஸ் வகுத்துத் தந்தார். வில்லியம் 1837இல் மறைந்தார். மணம் புரியாத தாமஸ், தொண்ணூறை எட்டிய முதுமையில் 1840இல் காலமானார்.

அந்த 144 படங்களுள் மங்களூர்ப் பக்கத்து மானாவாரிக் கொல்லை ஒன்றேனும் இல்லை. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டிகளிலும் இல்லை.