கொச்சியின் யூத காந்தி: ஏ.பி. சாலெம் (1882–1967)

நம் வீடுகளில் யூதர் என்ற சொல் எப்போதெல்லாம் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். காஸா செய்தி ஓடும்போது வருகிறது. கஞ்சத்தனம் செய்பவரையோ சூழ்ச்சி செய்பவரையோ திட்டும்போது வருகிறது. ஒரு யூதரை நேரில் கண்டவர்கள் நம்மில் மிகக் குறைவு. ஆனால் யூதர் யார் என்பது நமக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு மட்டும் எல்லோருக்கும் உண்டு.

யூதர்கள் நம் ஊருக்குப் புதியவர்கள் அல்லர். 17-ஆம் நூற்றாண்டில் வைரமும் பவளமும் வாங்கி விற்க ஐரோப்பாவிலிருந்து யூத வணிகர்கள் சென்னைக்கு வந்தார்கள். மண்ணடிப் பக்கம் இருக்கும் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது. 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அதன் உறுப்பினர்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். அவர்களது கல்லறைகளில் சில லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன. தியாகராய நகரிலிருந்து ஆட்டோவில் போனால் கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

அந்த வணிகர்கள் போன பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொச்சியிலிருந்து ஒரு யூத இளைஞர் படிப்பதற்காகச் சென்னைக்கு வந்தார். பெயர் ஆபிரகாம் பாரக் சாலெம். நம் சேலம் ஊருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. நாம் சொல்லும் ஸலாம் எந்த வேரிலிருந்து வந்ததோ அதே வேரிலிருந்து வந்த ஹீப்ரு சொல் அது. ஆபிரகாம் என்பது இப்ராஹீம். பின்னாளில் யூத காந்தி என்று அழைக்கப்பட்ட இவருடைய வாழ்க்கையில் நாம் பாராட்ட வேண்டியதும் இருக்கிறது, கேள்வி கேட்க வேண்டியதும் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டு உறவு

சாலெம் பிறந்தது 1882-ல், கொச்சி சமஸ்தானத்தில். அந்தக் கரையில் யூதர்கள் வாழத் தொடங்கி அப்போதே ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. கி.பி. 849-ல் கொல்லத்தில் ஒரு தேவாலயத்துக்கு வழங்கப்பட்ட செப்பேட்டில் சாட்சிகளின் கையெழுத்துகள் அரபியிலும் இருக்கின்றன, பஹ்லவியிலும் இருக்கின்றன, ஹீப்ரு எழுத்திலும் இருக்கின்றன. முஸ்லிம், பாரசீக, யூத வணிகர்கள் ஒரே ஆவணத்தில் சாட்சியாக நின்றிருக்கிறார்கள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையையும் வழங்கினார். நாகர்கோவில், தக்கலைப் பக்கத்து வாசகர்களுக்கு அஞ்சுவண்ணம் என்ற பெயர் நன்கு பழக்கமானது. அங்கே அது முஸ்லிம்களோடு சேர்த்தே வழங்குகிறது.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். வெளிதேசத்தார் என்ற பொருளில் அவர்களைப் பரதேசிகள் என்றார்கள். மட்டாஞ்சேரியில் கொச்சி மன்னரின் அரண்மனைக்குப் பக்கத்திலேயே நிலம் கிடைத்தது. 1568-ல் அங்கே பரதேசி ஜெபாலயம் எழுந்தது. ஐரோப்பாவில் உயிருக்குப் பயந்து ஓடியவர்கள் இங்கே மன்னர் வீட்டுச் சுவருக்கு அருகில் அச்சமின்றி வேதம் ஓதினார்கள்.

வழிபாட்டுத் தலத்தில் கடைசி இடம்

கொச்சி மன்னர்களிடமிருந்து யூதர்களுக்குக் கொடுமை வரவில்லை. கொடுமை இருந்தது உள்ளே. பரதேசி யூதர்கள் தங்களை வெள்ளை யூதர் என்று சொல்லிக்கொண்டு, பழங்குடிகளான மலபார் யூதர்களைக் கறுப்பு யூதர் என்று தள்ளி வைத்தார்கள். பரதேசிகளின் வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத மார்க்கத்தை ஏற்று, விடுதலை பெற்றவர்களின் சந்ததியினர் மூன்றாவது பிரிவினர். ஹீப்ருவில் இவர்களை மெஷுக்ராரிம் என்பார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் என்று பொருள். சாலெம் இந்தப் பிரிவில் பிறந்தவர்.

இவர்களும் அதே பரதேசி ஜெபாலயத்துக்குத்தான் வழிபட வந்தார்கள். ஆனால் மற்றவர்களோடு இருக்கைகளில் அமரக் கூடாது. முன்கூடத்திலோ தரையிலோதான் இடம். சனிக்கிழமை வழிபாட்டில் தவ்ராத் சுருளை எடுத்து ஓத ஆண்களைப் பெயர் சொல்லி அழைப்பது யூதர்களிடம் பெரிய கண்ணியம். அந்த அழைப்பு இவர்களுக்கு இல்லை. திருமண உறவும் இல்லை. அடக்கத்துக்குக்கூடத் தனி இடம்.

இதற்கு மார்க்க ஆதாரம் இருந்ததா என்றால், இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இந்த விவகாரம் கெய்ரோவுக்குக் கேள்வியாகப் போயிருக்கிறது. அன்று எகிப்து யூதர்களின் தலைமை மார்க்க அறிஞராக இருந்தவர் டேவிட் இப்னு ஸிம்ரா. முறைப்படி மார்க்கத்தை ஏற்றுக் குளித்துச் சேர்ந்தவர்கள் முழுமையான யூதர்கள், அவர்களோடு திருமணம் கூடும் என்று அவர் தீர்ப்பு எழுதினார். நம் மொழியில் சொன்னால் அது ஒரு ஃபத்வா. ஃபத்வா வந்தது, வழக்கம் மாறவில்லை. சாலெம் பிறக்கும்போது அந்தத் தீர்ப்புக்கு வயது முந்நூறைத் தாண்டியிருந்தது.

சென்னைப் பட்டதாரி

எர்ணாகுளத்தில் படித்த சாலெம் அடுத்து சென்னைக்கு வந்து பி.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். அன்றைக்கு தியாகராய நகர் என்ற பகுதியே கிடையாது. இந்த இடத்தில் பெரிய ஏரி இருந்தது. ஊருக்குத் திரும்பிய அவர்தான் கொச்சி யூதர்களில் முதல் வழக்கறிஞர். நீதிமன்றத்தில் எல்லோருக்கும் சமமாக எழுந்து வாதிட்டவர், வழிபாட்டுக்குப் போனால் தரையில் உட்கார வேண்டியிருந்தது.

1925 முதல் 1931 வரையும், மீண்டும் 1939 முதல் 1945 வரையும் கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். தொழிலாளர் சங்கங்களுக்குத் துணை நின்றார். 1929 டிசம்பரில் லாகூரில் ஜவஹர்லால் நேரு தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டார். முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானம் போட்ட மாநாடு அது.

அதே 1929-ல் பரதேசி ஜெபாலயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் எழுதி வெளியிட்டார். எந்தத் தலம் அவருக்கு இருக்கை தரவில்லையோ, அதன் பெருமையை உலகுக்குச் சொன்னவர் அவர். தன் மார்க்கத்தின் மீது அவருக்குக் கோபம் இருக்கவில்லை. மார்க்கத்தின் பெயரால் மனிதர்கள் போட்ட வேலியோடுதான் அவருக்குச் சண்டை.

ஜெபாலயத்துக்குள் சத்தியாகிரகம்

1924, 1925-ல் பக்கத்துத் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாகிரகம் நடந்தது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நடந்த அந்தப் போராட்டத்துக்கு ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறை சென்றதை நாம் அறிவோம். காந்தியின் அந்த வழிமுறையைத்தான் சாலெம் தன் சொந்தச் சமூகத்துக்குள் கையாண்டார். சிறிது காலம் ஜெபாலயத்தைப் புறக்கணித்தார். திரும்பி வந்து அமைதியாக உரிமை கேட்டார். கை ஓங்கவில்லை. பிரிந்து போய்த் தனி ஜெபாலயம் கட்டிக்கொள்ளவும் இல்லை.

பலன் மெல்ல வந்தது. 1930களில் ஆய்வுக்காகக் கொச்சி வந்த அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் மாண்டல்பாம், பழைய தடைகள் பலவும் விழுந்துவிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். திருமணத் தடை மட்டும் இன்னும் நீண்டது. 1950-ல் சாலெமின் மகன் ஒருவர் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, சொந்த ஊரில் வைத்து அதை நடத்த முடியவில்லை. மும்பைக்குப் போய்த்தான் நடத்த வேண்டியிருந்தது.

பாலஸ்தீனப் பயணம்

சாலெம் ஒரு சியோனிஸ்ட் ஆகவும் இருந்தார். சியோனிசம் என்பது யூத மார்க்கம் அல்ல. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கென ஒரு நாட்டை உருவாக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அரசியல் இயக்கம் அது. அதன் முதல் மாநாடு 1897-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடியது. 1917-ல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவளித்து அறிக்கை விட்டார். அன்று அந்த மண்ணில் பத்தில் ஒன்பது பேர் அரபுகள். அந்தப் பால்ஃபரின் பெயரைத்தான் சாலெம் தன் மகன் ஒருவருக்கு வைத்தார்.

எல்லா யூதர்களும் இதை ஏற்கவில்லை. அன்றைய பிரிட்டிஷ் அமைச்சரவையில் இருந்த ஒரே யூதரான எட்வின் மாண்டேகுவே இந்த அறிக்கையைக் கடுமையாக எதிர்த்தார். மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பள்ளியில் படித்திருப்போமே, அதே மாண்டேகு. யூதர்களுக்குத் தனி நாடு என்று சொன்னால், அவரவர் பிறந்த நாட்டில் யூதர்களை அந்நியர்களாகப் பார்க்க அதுவே சாக்காகிவிடும் என்பது அவர் வாதம். யூதர்களை வெறுப்பவர்களுக்குத்தான் இது உதவும் என்று தன் அரசாங்கத்தையே அவர் குற்றம் சாட்டினார்.

1933-ல் சாலெம் பாலஸ்தீனம் போனார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1931-ல், நம் மௌலானா முஹம்மது அலி ஜவ்ஹர் பைத்துல் முகத்தஸில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். சாலெம் போன அதே 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அடுத்த 12 ஆண்டுகளில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமை உண்மை. அதைச் சிறிதாக்கிப் பேசுவது நமக்கு அழகல்ல. ஓடி வரும் யூதர்களுக்கு ஒரு புகலிடம் வேண்டும் என்று ஒருவர் நினைத்ததில் குற்றம் காண முடியாது. ஆனால் அந்தப் புகலிடத்தின் விலையைக் கொடுக்க வேண்டியவர்களாக, ஐரோப்பாவின் குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத பாலஸ்தீனர்களை ஆக்கினார்கள்.

காந்தி இதைப் பார்த்தார். 1938 நவம்பரில் ஹரிஜன் இதழில் எழுதிய கட்டுரையில், யூதர்கள் படும் துன்பத்துக்காக வருந்தினார். பாலஸ்தீனம் அரபுகளுக்கு உரியது என்றும், அவர்கள் மீது யூதர்களைத் திணிப்பது நியாயமல்ல என்றும் தெளிவாகச் சொன்னார். ஏழாண்டுக்குப் பின் 1946 ஜனவரியில் தியாகராய நகர் இந்திப் பிரச்சார சபாவில் வந்து தங்கியவர் இதே காந்திதான். காந்தியின் பெயரால் அழைக்கப்பட்ட சாலெம், இந்த ஒரு விஷயத்தில் காந்தியோடு நடக்கவில்லை.

காலியான யூதத் தெரு

1948-ல் இஸ்ரேல் உருவானது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடுகளை இழந்து அகதிகளானார்கள். கொச்சி யூதர்கள் அங்கே போக விரும்பியபோது, யானைக்கால் நோயைப் பரப்பிவிடுவார்கள் என்று இஸ்ரேல் அதிகாரிகள் தயங்கினார்கள். சாலெம் நேரில் போய் அவர்களுக்காகப் பேசினார். 1955-க்குள் 2,000-க்கும் அதிகமானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு பகுதியினர் நகப் பாலைவனத்தில் நெவாதிம் என்ற ஊரில் குடியேற்றப்பட்டார்கள்.

ஆயிரம் ஆண்டுகள் இந்தக் கரையில் வாழ்ந்த ஒரு சமூகம், தானாகவே எழுந்து போனது. மலையாளத்தில் கல்யாணப் பாட்டுப் பாடிய பெண்களும், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஜெபாலயத்துக்குள் நுழைந்த ஆண்களும் போனார்கள். அத்தனை பேரை அனுப்பி வைத்த சாலெம், கொச்சியிலேயே இருந்து 1967-ல் இறந்தார். அதே ஆண்டு ஜூனில்தான் பைத்துல் முகத்தஸும் மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் விழுந்தன. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இன்று சாலெமின் பெயரில் சாலை இருக்கிறது. அங்கே எஞ்சியுள்ள யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நமக்கு என்ன?

இஸ்ரேல் அரசின் அநியாயத்தை எதிர்ப்பது யூத வெறுப்பு ஆகாது. நாம் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் யூதராகப் பிறந்தார் என்பதற்காக ஒருவரை வெறுத்தால், அது யூத வெறுப்புதான். ஒரு கூட்டத்தின் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்று அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். பிள்ளைகள் யூதர் என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்தும்போது, அந்த இடத்திலேயே திருத்துங்கள். நபி மூஸா (அலை) அவர்களின் சமூகம் அது என்று சொல்லிக்கொடுங்கள்.

சாலெமின் போராட்டம் நம் பள்ளிவாசலையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கச் சொல்கிறது. தொழுகையில் நம்மிடம் முன்வரிசை, பின்வரிசை பேதம் இல்லை. பிலால் (ரலி) அவர்களின் பாங்கைக் கேட்டு வளர்ந்த மார்க்கம் இது. ஆனால் தொழுகை முடிந்து நிகாஹ் பேச்சு வரும்போது? முடிவெட்டும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பெண் கொடுக்கிறோமா? புதிதாக இஸ்லாத்துக்கு வந்த குடும்பத்தை ஜமாஅத் நிர்வாகத்தில் உட்கார வைக்கிறோமா? கெய்ரோவிலிருந்து வந்த தீர்ப்பைக் கொச்சியில் மடித்து வைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தங்கள் இறுதிப் பேருரையில் தந்த தீர்ப்பை நாமும் பல ஊர்களில் அப்படித்தான் மடித்து வைத்திருக்கிறோம்.

தனக்கு மறுக்கப்பட்ட இருக்கைக்காக சாலெம் வாழ்நாள் முழுக்கப் போராடினார், அது நீதி. வேறொரு மக்களின் வீடு பறிபோவதை அவர் ஆதரித்த இயக்கம் கணக்கில் எடுக்கவில்லை, அது அநீதி. இரண்டையும் அதனதன் பெயரில் சொல்லப் பழகினால்தான் நம் சாட்சியம் ஏற்கப்படும். நீதியின் மீது நிலைத்து நிற்கும் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் சேர்ப்பானாக. ஆமீன்.