கல்விக் குழுவில் அமர வேண்டியவர் யார்?
சர் சையது அகமது கான் வாழ்வு தரும் பாடம்

நம் பிள்ளைகளின் கல்வியை யார் கையில் ஒப்படைப்பது என்ற கேள்வி, பள்ளி வாரியம் முதல் நம் சங்கத்தின் கல்விக் குழு வரை எல்லா இடத்திலும் எழுகிறது. பணம் கொடுத்தவரா, மார்க்கம் அறிந்தவரா, படித்துப் பட்டம் பெற்றவரா, அரசாங்கத்தில் செல்வாக்கு உள்ளவரா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவில் இதே கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர் சர் சையது அகமது கான். அலிகர் கல்லூரியை நிறுவியவர் என்று அவரை நாம் அறிவோம். அந்தக் கல்லூரியின் குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில் அவர் எடுத்த சரியான முடிவுகளும் தவறிய முடிவுகளும் நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

1817 அக்டோபர் 17 அன்று டில்லியில், முகலாய அரசவையோடு தொடர்புள்ள குடும்பத்தில் அவர் பிறந்தார். தாயார் அஜீஸுன்னிசா பேகம் கண்டிப்பும் கருணையும் நிறைந்தவர். மகனின் முதல் ஆசிரியை அவரே. தந்தை காலமான 1838இல் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டி, உறவினர்கள் விரும்பாதபோதும், கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதித்துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் முன்சீப் ஆகிப் பல ஊர்களில் பணியாற்றினார். 1857 கிளர்ச்சியின்போது பிஜ்னோரில் இருந்தார். கிளர்ச்சி அடங்கியபின் டில்லி முஸ்லிம்களுக்கு நேர்ந்த அழிவைக் கண்ணால் கண்டார். சமுதாயம் மீண்டும் எழுந்து நிற்கக் கல்வியைத் தவிர வேறு வழியில்லை என்று அன்றே முடிவு செய்தார்.

1859இல் முராதாபாத்திலும் 1863இல் காஜிப்பூரிலும் பள்ளிகள் திறந்தார். 1864இல் காஜிப்பூரில் விஞ்ஞானச் சங்கத்தைத் தொடங்கி, அதே ஆண்டில் அதை அலிகருக்கு மாற்றினார். ஆங்கில நூல்களை உருதுவில் பெயர்ப்பது அதன் பணி. அதில் முஸ்லிம்களும் இந்துக்களும் ஆங்கிலேயரும் ஒன்றாக அமர்ந்தார்கள். 1867இல் அவருக்குக் காசி நகருக்கு மாற்றல் வந்தபோது, சங்கத்தின் செயலாளர் பொறுப்பை நண்பர் ராஜா ஜெய்கிஷன் தாஸிடம் ஒப்படைத்தார். அறிவுப் பணிக்கு ஆள் தேடும்போது மதம் பார்க்காத பண்பு அவரிடம் அப்போதே இருந்தது.

1869இல் மகன்கள் இருவரோடும் இங்கிலாந்து சென்று, அங்குள்ள பல்கலைக்கழகங்களைப் பார்த்துத் திரும்பினார். 1870 டிசம்பரில் காசியில் ஒரு குழுவைக் கூட்டினார். அரசுப் பள்ளிகளுக்கு முஸ்லிம் பிள்ளைகள் ஏன் போவதில்லை என்று ஆராய்வதே அதன் வேலை. பரிசு அறிவித்துக் கட்டுரைகள் வரவழைத்தார்கள். சமுதாயம் தன் கல்லூரியைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு அக்குழு வந்தது.

இங்கேதான் பெரிய சோதனை எழுந்தது. சையது அகமது கானின் மார்க்கக் கருத்துகள் பலவற்றை உலமாக்கள் கடுமையாக எதிர்த்தனர். அவர் தொடங்கிய தஹ்தீபுல் அக்லாக் இதழ் எதிர்ப்பை மேலும் வளர்த்தது. அவரைக் காஃபிர் என்று கூறும் ஃபத்வாக்கள் வெளிவந்தன. இப்படிப்பட்டவர் நடத்தும் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பினால் ஈமான் என்ன ஆகும் என்று பெற்றோர் அஞ்சினர். நியாயமான அச்சம்தான்.

அதற்கு அவர் கண்ட வழி சிந்திக்கத்தக்கது. மார்க்கக் கல்வியைக் கவனிக்கத் தனிக் குழு அமைப்பதென்றும், அதில் தாம் அமரப் போவதில்லை என்றும் அறிவித்தார். தம் சொந்தக் கருத்துகள் எதுவும் கல்லூரிப் பாடத்தில் இடம்பெறாது என்று உறுதி கூறினார். சமுதாயம் நம்பும் ஆலிம்களை அக்குழுவுக்கு அழைத்தார். தேவ்பந்தைச் சேர்ந்த மௌலானா முகம்மது காசிம் நானூத்தவி அவர்களுக்கும் அழைப்புப் போனது. ஷியாப் பிரிவினரும் பங்குபெறும் குழுவில் சேர அவர் இணங்கவில்லை. ஆனாலும் சுன்னத் ஜமாஅத்துக்கும் ஷியாக்களுக்கும் தனித்தனியே மார்க்கப் பாடம் நடத்தும் ஏற்பாட்டை சையது அகமது கான் கைவிடவில்லை. பிற்காலத்தில் நானூத்தவி அவர்களின் மருமகன் மௌலானா அப்துல்லாஹ் அன்சாரி அவர்களே அலிகரில் மார்க்கத் துறையின் பொறுப்பை ஏற்றார். தாம் விலகி நின்று பிறருக்கு இடம் கொடுத்ததால் திறந்த கதவு அது.

1875 மே 24 அன்று பள்ளி தொடங்கியது. நிறுவனர் அப்போது காசியில் பணியில் இருந்தார். அலிகரில் அன்றாடப் பாரத்தைச் சுமந்தவர் மௌலவி சமீயுல்லாஹ் கான். 1876இல் ஓய்வு பெற்றபின் சையது அகமது கான் அலிகரிலேயே குடியேறினார். 1877 ஜனவரி 8 அன்று வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். முஸ்லிம்களுக்காகக் கட்டிய கல்லூரி என்றாலும் எல்லா மதத்தவருக்கும் கதவு திறந்திருந்தது. அங்கே முதன்முதலில் பட்டம் பெற்றவர் ஈசுவரி பிரசாத் என்ற இந்து மாணவர்.

1878 முதல் அவர் வைஸ்ராயின் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1882இல் ஹண்டர் தலைமையில் அரசு கல்விக் குழு ஒன்றை அமைத்தது. சென்னையிலிருந்து கிறிஸ்துவக் கல்லூரியின் வில்லியம் மில்லரும் பேராசிரியர் ரங்கநாத முதலியாரும் அதில் இடம்பெற்றனர். சையது அகமது கானும் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பின்னர் அவர் விலக, அவ்விடத்தில் மகன் சையது மகமூது அமர்ந்தார். தந்தை சாட்சியாக வந்து தம் கருத்தைக் கூறினார். மக்கள் தங்கள் கல்வியின் நிர்வாகத்தைத் தாங்களே கையில் எடுக்காதவரை முன்னேற்றம் வராது என்பதே அதன் சாரம்.

தொடக்கக் கல்வியை ஊராட்சி, நகராட்சி மன்றங்களிடம் விட வேண்டும் என்று ஹண்டர் குழு பரிந்துரைத்தது. அப்படியானால் அம்மன்றங்களில் அமர்பவர் யார்? 1883 ஜனவரியில் மத்திய மாகாணத் தலசுயாட்சி மசோதா விவாதத்தில் அவர் இதற்குப் பதில் சொன்னார். தேர்தல் மட்டுமே வழி என்றால், இனமும் மதமும் கலந்த நாட்டில் பெரும்பான்மைச் சமூகம் சிறுபான்மையின் நலனை மறைத்துவிடும் என்றார். ஆகவே மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை அரசு நியமிப்பதை ஆதரித்தார். அவர் கூறிய வழியை எல்லாரும் ஏற்கவில்லை, இன்றும் விவாதத்துக்குரியதுதான். ஆனால் எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கும் கல்வி மேசையில் ஓர் இருக்கை வேண்டும் என்ற கவலையை, சிறுபான்மையாக வாழும் நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

பிறருக்கு நீதி சொன்னவர் தம் வீட்டு விஷயத்தில் சறுக்கினார். 1889இல் கல்லூரிக்கு அறங்காவலர் சட்டம் கொண்டுவந்தபோது, தமக்குப் பின் செயலாளராக வருமாறு மகன் சையது மகமூதை இணைச் செயலாளர் ஆக்கினார். மகமூது அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி, தகுதியில் குறையில்லை. ஆயினும் பதினான்கு ஆண்டுகள் உழைத்த சமீயுல்லாஹ் கான் மனம் நொந்தார். ஆங்கிலேய ஆசிரியர்களின் கை ஓங்குவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் அலிகரை விட்டு விலகினார். பின்னர் அலகாபாத்தில் முஸ்லிம் மாணவர் விடுதி அமைத்துத் தம் கல்விப் பணியைத் தொடர்ந்தார். நவாப் விகாருல் முல்க்கும் மசோதாவை எதிர்த்தார். மசோதா நிறைவேறியது, ஆனால் நல்ல மனிதர்கள் சிலர் கைநழுவினர்.

அதைவிடப் பெரிய அடி 1895இல் விழுந்தது. நெடுநாள் நம்பிக்கைக்குரிய தலைமை எழுத்தர், கல்லூரிப் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கையாடியது வெளிப்பட்டது. ஊர் ஊராகச் சென்று கையேந்திச் சேர்த்த பணம். எல்லாப் பொறுப்பும் ஒரே முதியவரிடம் குவிந்திருந்தபோது, கணக்கைத் தட்டிக் கேட்க வேறு யாரும் இல்லாமல் போயிற்று. அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. 1898 மார்ச் 27 அன்று அவர் வஃபாத்தானார். கல்லூரிப் பள்ளிவாசலின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கல்லூரி அழியவில்லை. முஹ்சினுல் முல்க் பொறுப்பேற்றுக் கடனை அடைத்து வளர்த்தார். அவருக்குப் பின், அன்று மசோதாவை எதிர்த்த விகாருல் முல்க்கே 1907இல் செயலாளரானார். சர் சையது 1886இல் தொடங்கிய கல்வி மாநாடு 1901இல் சென்னையிலும் கூடியது. 1920இல் கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது அதன் முதல் வேந்தராக அமர்ந்தவர் போபால் பேகம் சுல்தான் ஜஹான். பெண்களுக்கான புதுக்கல்வியில் நிறுவனர் தயக்கம் காட்டியவர். அவர் கட்டிய நிறுவனத்தின் தலைமை இருக்கையில் ஒரு முஸ்லிம் பெண்மணி அமர்ந்தார்.

பொன்விழாக் காணும் நம் சங்கமும் உபகாரச் சம்பளம் வழங்குகிறது, குழுக்களைத் தேர்ந்தெடுக்கிறது. தம் கருத்து பிறருக்குத் தடையாகும் இடத்தில் ஒதுங்கி நின்ற சர் சையதையும், மகனுக்காகத் தோழரை இழந்த சர் சையதையும் சேர்த்தே நாம் நினைவில் வைப்போம். உழைத்தவரை மதிப்பது, கணக்கைப் பலர் பார்ப்பது, மாறுபட்டுப் பேசுபவருக்கும் ஓர் இடம் வைப்பது, பெண்களை அழைப்பது: இவை இருந்தால் அடுத்த ஐம்பது ஆண்டுகளும் நல்லபடியாக அமையும், இன்ஷா அல்லாஹ்.

அன்னாரின் குறைகளை அல்லாஹ் பொறுத்து, நற்பணிகளை ஏற்றருள்வானாக. ஆமீன்.