ஈலி கல்பர்ட்ஸன்: கேட்கவும் விடவும் கற்பித்தவர்

மாட்டுப்பட்டியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இருபத்தெட்டு ஆடத் தெரியாத வீடு அரிது. அணைக்கட்டின் மேல் பனி இறங்கும் ஞாயிறு மாலைகளில், நம் காலனி வாசகசாலையின் கடைசி மேசையில் நால்வர் கூடிச் சீட்டைக் கலைக்கும் ஓசை நமக்கெல்லாம் பழகிய ஒன்று. ஆனால் சென்ற மழைக்காலத்தில் அம்மேசை இரண்டு மாதம் வெறிச்சோடிக் கிடந்தது. எதிரணியார் 18 கேட்டனர். நம்மவர் ஒருவர் 19 என்றார். எதிரணி 20 என்றது. இவர் விட மனமின்றி 21 என்றார். கை தோற்றது. எதிரே அமர்ந்த கூட்டாளி கடிந்துகொண்டார், சொல் தடித்தது, இருபது ஆண்டு நட்பில் பேச்சு நின்றது. இரு வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்குத் தனித்தனியே நடக்கலாயினர்.

எப்போது கேட்பது, எப்போது பாஸ் என்று சொல்லி விடுவது என்னும் இச்சிறு கேள்வியை ஆராய்ந்து முறை வகுத்து, அதனாலேயே உலகப் புகழ் எய்திய ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஈலி கல்பர்ட்ஸன். பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தின் பேராசான் அவர். அவர் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

கல்பர்ட்ஸன் 1891-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் ருமேனிய நாட்டில் பிறந்தார். தந்தையார் அமெரிக்கர், சுரங்கப் பொறியியல் வல்லுநர், பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்து வந்தவர். அன்னையார் ருஷ்யர். பிறந்தது ஒரு நாடு, தாய்மொழி ஒரு நாட்டினது, குடியுரிமை வேறொரு நாட்டினது. பிழைக்க வந்த மண்ணில் பிள்ளை பெற்று வளர்க்கும் நமக்கு இந்நிலை புதியதன்று. அவர் பாரிஸிலும் ஜெனீவாவிலும் கல்வி பயின்றார். பல ஐரோப்பிய மொழிகளைச் சரளமாகப் பேசினார். ருஷ்யாவில் குடும்பத்துக்குப் பெருஞ்செல்வம் இருந்தது. 1917-ஆம் ஆண்டுப் புரட்சியில் அச்செல்வம் அனைத்தும் அழிந்தது.

கைப்பொருள் இழந்த இளைஞருக்குச் சீட்டாட்டமே சோறு போட்டது. பாரிஸ் முதலிய நகரங்களில் ஆடிப் பிழைத்தவர், 1921-இல் அமெரிக்கா சென்றார். 1923-இல் ஜோசஃபின் என்னும் அம்மையாரை மணந்தார். அவர் நியூயார்க் நகரில் பிரிட்ஜ் கற்பித்து நற்பெயர் பெற்றிருந்தவர். அதுமுதல் கணவனும் மனைவியும் மேசையில் எதிரெதிரே அமர்ந்து ஒரே அணியாக ஆடினர்.

இனி ஆட்டத்தின் இயல்பைச் சிறிது காண்போம். நம் இருபத்தெட்டைப் போலவே பிரிட்ஜிலும் நால்வர் இரண்டு அணியாக அமர்வர். நாம் 32 சீட்டு வைத்து ஆடுகிறோம். அவர்கள் 52 சீட்டையும் ஆளுக்குப் பதின்மூன்றாகப் பங்கிடுவர். நாம் எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கிறோம். அவர்கள் எத்தனை பிடி பிடிப்போம், எந்த இனம் துருப்பு என்று கேட்பர். முற்காலத்தில் ஆடிய பிரிட்ஜில், குறைவாகக் கேட்டுவிட்டு மிகுதியாகப் பிடித்தாலும் எல்லாப் பிடியும் ஆட்டக் கணக்கில் சேர்ந்தது. எனவே கேள்வியில் பெருந்திறம் வேண்டியதில்லை. 1925-இல் ஹரால்ட் வாண்டர்பில்ட் என்னும் செல்வர் கப்பற்பயணம் ஒன்றில் புதுக் கணக்கு முறையை அமைத்தார். அதன்படி, கேட்ட பிடிகளுக்கு மட்டுமே ஆட்டக் கணக்கில் இடம் உண்டு. கேட்டதை எடுக்கத் தவறினால் தண்டம் உண்டு. அன்று முதல் ஆட்டத்தின் உயிர் கேள்விக்குச் சென்றது.

இம்மாற்றத்தின் பயனை முற்றும் உணர்ந்தவர் கல்பர்ட்ஸன். 1929-இல் பிரிட்ஜுக்கென ஒரு திங்களிதழ் தொடங்கினார். 1930-இல் நீலப் புத்தகம் என வழங்கும் நூலை வெளியிட்டார். கேள்வி என்பது கூட்டாளிகள் இருவர் பேசிக்கொள்ளும் மொழி என்பதே அவர் முறையின் அடிப்படை. தாழ்ந்த படியில் தொடங்கி, கையில் உள்ளதைச் சிறிது சிறிதாகக் கூட்டாளிக்கு அறிவித்து, இருவர் கையும் இணையும் இடத்தைக் காண வேண்டும். சில கேள்விகளுக்குக் கூட்டாளி பாஸ் சொல்லவே கூடாது. தம் கை எத்துணை வறியதாயினும் விடை கூறியே ஆக வேண்டும். மற்ற இடங்களில் பாஸ் என்பது வாய்மூடி இருத்தலன்று. என் கையில் இதற்குமேல் இல்லை என்று நேர்மையாகக் கூறும் சொல்லாகும்.

எதிரணியார் கேட்டபின் நாம் குறுக்கிட்டுப் போட்டியிடலாமா என்பதற்கும் அவர் எளிய விதி ஒன்று வகுத்தார். இரண்டும் மூன்றும் விதி என்பது அதன் பெயர். கூட்டாளியிடம் ஒன்றுமே இல்லை என்று கொள்க. உம் கையால் மட்டும் எத்தனை பிடி கிடைக்கும் என்று எண்ணுக. தண்டம் குறைவாயுள்ள நிலையில் அதற்கு மேல் மூன்று பிடி வரை கேட்கலாம். உம் அணி முன்னரே ஓர் ஆட்டம் வென்று, தண்டம் மிகுதியாகும் நிலையில் இரண்டு பிடிக்கு மேல் துணியலாகாது. எதிரணியார் டபுள் சொல்லித் தண்டத்தைப் பெருக்கினாலும், இன்றைய கணக்கின்படி இவ்விரு நிலையிலும் இழப்பு 500 புள்ளியைத் தாண்டாது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். பந்தய ஆட்டக் கணக்கில் எதிரணியார் ஹார்ட்டினில் நான்கு கேட்டுப் பத்துப் பிடி எடுத்தால், தண்டம் மிகும் நிலையில் அவர்களுக்கு 620 புள்ளி. நாம் தண்டம் குறைந்த நிலையில் இஸ்பேட்டில் நான்கு கேட்டு, எதிரணியார் டபுள் சொல்ல, மூன்று பிடி குறைந்தால் 500 புள்ளி இழப்போம். தோற்றும் 120 மிச்சம், போட்டியிட்டது நன்று. எதிரணியாரும் தண்டம் குறைந்த நிலையில் இருப்பின், அவர்கள் பெறக்கூடியது 420 மட்டுமே. அப்போது அதே கையுடன் அதே கேள்வியைக் கேட்டவர் 80 புள்ளியை வீணே இழந்தவராவார். அவர்கள் கேட்டதை எடுக்கவே முடியாத கையாயின், நமக்கு வரவேண்டியதை விட்டு 500-ஐயும் கொட்டிக் கொடுத்தவராவோம். ஆகவே போட்டி தகுமா என்பதைச் சீட்டு மட்டும் முடிவு செய்வதில்லை. விட்டால் என்ன போகும், கேட்டால் என்ன போகும் என்னும் இரண்டையும் நிறுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒருமுறை தம் கையின் வலிமை முழுவதையும் சொல்லிவிட்டவர் மறுமுறை வாய் திறவாமல் முடிவைக் கூட்டாளிக்கு விடுவதும் நல்லாட்டக்காரர் இலக்கணம்.

நூலில் எழுதியதை மேசையில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1930-இல் கல்பர்ட்ஸன் மனைவியுடனும் நண்பர் இருவருடனும் இலண்டன் சென்றார். முறை, விதி ஒன்றும் வேண்டா, பொது அறிவே போதும் என்று வாதித்த கர்னல் புல்லர் அணியை வென்றார். தாயகத்திலோ அவருடைய வளர்ச்சி கண்டு மூத்த வல்லுநர் பலர் ஒன்றுகூடி வேறொரு முறையை அறிவித்தனர். அவர்களுள் சிட்னி லென்ஸ் என்பாரைக் கல்பர்ட்ஸன் போட்டிக்கு அழைத்தார். தாம் தோற்றால் 5,000 டாலர், லென்ஸ் தோற்றால் 1,000 டாலர் அறச்செயலுக்கு அளிப்பது எனப் பந்தயம் ஆயிற்று.

1931 டிசம்பரில் நியூயார்க்கில் தொடங்கிய அப்போட்டி 150 ரப்பர் நீண்டு 1932 ஜனவரியில் முடிந்தது. செய்தித்தாள்கள் நாள்தோறும் முதற்பக்கத்தில் அதனை வெளியிட்டன. தொடக்கத்தில் லென்ஸ் முன்னின்றார். அவருடைய கூட்டாளி ஆஸ்வால்ட் ஜாக்கோபி இளைஞர், துணிந்து கேட்பவர். கையில் இல்லாததை இருப்பதுபோற் கேட்டு எதிரணியை மயக்கும் அவர் போக்கு லென்ஸுக்குப் பிடிக்கவில்லை. மேசையிலேயே கருத்து வேற்றுமை முற்றியது. 103-ஆம் ரப்பருக்குப் பின் ஜாக்கோபி விலகினார். இறுதியில் கல்பர்ட்ஸன் 8,980 புள்ளி மிகுதியில் வென்றார். திறமையில் இரு சாராரும் பெரிதும் வேறுபட்டவரல்லர். ஓர் அணி தன் கூட்டாளியின் சொல்லை நம்பியது. மற்றோர் அணி நம்ப இயலாது உடைந்தது. 1935-இல் சிம்ஸ் தம்பதியரையும் கல்பர்ட்ஸன் தம்பதியர் 16,130 புள்ளியில் வென்றனர்.

புகழ் வளர்ந்தது, நூல்கள் இலட்சக்கணக்கில் விற்றன, பொருள் வந்த வேகத்தில் ஆடம்பரத்தில் கரைந்தது. அவரிடம் குறை இல்லை என்று நாம் சொல்லோம். விளம்பரத்தில் அவருக்கிருந்த வேட்கை அளவு கடந்தது. 1929-இல் கான்ஸஸ் நகரில் பென்னட் என்னும் தம்பதியர் அண்டை வீட்டாருடன் பிரிட்ஜ் ஆடினர். இஸ்பேட்டில் நான்கு வரை ஏற்றிய கேள்வி தோற்றது. ஒருவரையொருவர் பழித்தனர், கணவர் மனைவியை அறைந்தார், மனைவி துப்பாக்கியால் சுட்டார், கணவர் உயிர் நீத்தார். வழக்கில் அவ்வம்மையார் 1931-இல் விடுதலை பெற்றார். கல்பர்ட்ஸனோ அக்கையை ஆராய்ந்து, தம் முறைப்படி கேட்டிருந்தால் அவ்வுயிர் தப்பியிருக்கும் என்னும் பொருள்பட எழுதித் தம் முறைக்கு ஆதாயம் தேடினார். ஓர் உயிர் போன இடத்தில் அவர் பாஸ் சொல்லியிருக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.

1937-இல் புடாபெஸ்ட் நகரில் உலகப் போட்டி நிகழ்ந்தது. டாக்டர் பால் ஸ்டெர்ன் தலைமையில் வந்த ஆஸ்திரிய அணியிடம் கல்பர்ட்ஸன் அணி தோற்றது. மறு ஆண்டே ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கினார்; வென்ற அணியின் தலைவர் ஸ்டெர்ன் நாட்டைவிட்டு இலண்டனுக்குத் தப்பியோட நேர்ந்தது. மேசையில் வென்றவருக்குத் தம் ஊரில் இருக்க இடமில்லை. அதே 1938-இல் கல்பர்ட்ஸன் தம்பதியரும் மணவிலக்குப் பெற்றனர். உலகத்தின் முன் பதினைந்து ஆண்டு ஒருவர் கேள்வியை ஒருவர் அறிந்து ஆடியவர் இல்லறத்தில் இணைந்திருக்க இயலவில்லை. காரணம் ஆராய்வது நம் வேலையன்று.

அதன்பின் அவர் ஒரு பெரிய பாஸ் சொன்னார். புகழின் உச்சியில் நின்ற ஆட்டக்காரர் போட்டி மேசையை விட்டு நீங்கி, உலக அமைதிக்குத் திட்டம் வகுக்கத் தம் காலத்தையும் பொருளையும் செலவிட்டார். நாடுகள் இணைந்து ஒரு கூட்டமைப்பு ஆக வேண்டும்; படைகளுக்கு நாட்டுக்கு நாடு வரம்பு வேண்டும்; சிறு நாடுகளின் வீரரைக்கொண்ட பொதுப்படை ஒன்று எல்லாரையும் காக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1943-இல் இதனைப் பெருநூலாக வெளியிட்டார். 1945-இல் ஐக்கிய நாடுகள் சபை தோன்றியபோது அவர் விரும்பிய பொதுப்படை அதில் இடம்பெறவில்லை. கேள்வி பெரிது, கூட்டாளி கிடைக்கவில்லை. எனினும் இத்தோல்வியைப் புல்லர் போட்டியினும் லென்ஸ் போட்டியினும் உயர்ந்ததாக நாம் மதிக்கிறோம். விட்டால் போவது மனித உயிர்கள் என்று கண்டபோது, வெற்றி உறுதியில்லாத இடத்திலும் அவர் வாய் மூடி இருக்கவில்லை.

பிரிட்ஜ் உலகில் சார்ல்ஸ் கோரன் என்பவரின் புள்ளிக் கணக்கு முறை பின்னர் மேலோங்கியது. கல்பர்ட்ஸன் கற்பித்த பிடிக்கணக்கு மறையத் தொடங்கியது. தம் இறுதிக் காலத்தில் அவரே புள்ளிக் கணக்கை ஏற்று நூல் எழுதினார். கற்பித்த ஒருவர் மாற்றார் முறை நன்று என்று ஒப்புதல் எளிதன்று. 1955 டிசம்பர் 27-ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அவர் மறைந்தார். மூன்று திங்கள் கழிவதற்குள், 1956 மார்ச்சில், ஜோசஃபின் அம்மையாரும் மறைந்தார்.

அன்பர்களே! நம் காலனியில் சீட்டு மேசை ஒன்றில்தானா கேள்வி நிகழ்கிறது? பக்கத்து வீட்டார் திருமணத்துக்கு இட்ட நகையினும் ஒரு சவரன் கூட்டி இடுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் காட்டி நம் பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். சங்கப் பதவிக்கு இருவர் நின்றால் மூன்றாமவரும் நிற்கிறோம். இவற்றில் எல்லாம் எதிரணி கேட்டதற்காகவே நாமும் ஏற்றுகிறோம். தண்டத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க வகுப்பு ஒன்று வேண்டும் என்னும் இடத்திலோ, எல்லாரும் பாஸ் சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். கேட்க வேண்டிய கை அதுவன்றோ? அங்கே விடை கூறாதிருத்தல் தகுமா?

நம் நண்பர் இருவருக்கும் ஒரு சொல். தோற்ற கை ஒன்று. அதன் தண்டம் அன்றே தீர்ந்தது. அதற்குமேல் இரண்டு மாதமாக நீங்கள் ஏற்றிக்கொண்டிருப்பது இருபது ஆண்டு நட்பின் மேல். ஆண்டு விழாவன்று மாலை வாசகசாலையின் கடைசி மேசையில் நான்கு நாற்காலி இட்டு வைப்போம். இருவரும் எதிரெதிரே வந்து அமர வேண்டுகிறோம். முதலில் பேசுபவர் யாராயினும், அவரே அன்று நல்ல கை பிடித்தவர்.