பஞ்ச்கனி பள்ளியில் ஒரு பியானோ பையன்

குட்டீஸ், 'குயின்' ராக் இசைக்குழுவின் ஃப்ரெடி மெர்குரி பியானோ பழகியது நம் நாட்டில்தான், தெரியுமா?

1946ல் சான்சிபார் தீவில், இந்திய பார்சி குடும்பத்தில் பிறந்தார். 8 வயதில் பெற்றோரைப் பிரிந்து, மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். பல் எடுப்பாக இருந்ததால் கேலி செய்தார்களாம். பாவம்! ஆனால், ரேடியோவில் கேட்ட பாட்டை அப்படியே பியானோவில் வாசித்து அசத்துவாராம்.

1964ல் சான்சிபாரில் புரட்சி வெடிக்க, குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. அங்கே 1970ல் உருவானதுதான் 'குயின்'.

இவர்களது 'பொஹிமியன் ராப்சடி' பாட்டின் நடுவே ஏகப்பட்ட குரல்கள் அடுக்கடுக்காக வரும். நாலு பேரால் அதை மேடையில் பாட முடியுமா? அந்த இடத்தில் மட்டும் டேப்பை ஓடவிட்டு, மேடையைவிட்டே போய்விடுவார்கள். பாடுவதுபோல் வாயசைக்க மாட்டார்கள்! இந்த நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது.

1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இசை நிகழ்ச்சி. சுமார் 72,000 பேர். ஓடிவந்த ஃப்ரெடி, பியானோ முன் அமர்ந்து அதே பாட்டைத் தொடங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. டேப் தேவைப்படும் இடத்துக்கு முன்பே நிறுத்தி, அடுத்த பாட்டுக்குத் தாவினார். மைதானமே தலைக்கு மேல் கைதட்டியது.

1991ல் எய்ட்ஸ் நோயால் இறந்தபோது அவருக்கு வயது 45. உடல் தளர்ந்த அந்த ஆண்டிலும், பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தார்.