சோடியத்தை முதலில் பார்த்தவர்

ஸ்கூல் லேபில் மண்ணெண்ணெய்க்குள்ள கிடக்கும் சோடியத்தைப் பார்த்திருப்பீங்க. எங்க கெமிஸ்ட்ரி மேம் அதைக் கத்தியால் வெண்ணெய் மாதிரி வெட்டி, கடுகளவு துண்டைத் தண்ணீரில் போடுவாங்க. நாங்க நாலடி தள்ளி நிற்போம். 1807 வரை அந்த உலோகத்தை யாருமே பார்த்ததில்லை. முதலில் பார்த்த ஹம்ஃப்ரி டேவிக்கு அப்போ வயசு 28.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், பென்சான்ஸ் ஊரில் 1778-ல் பிறந்தவர். அப்பா மரச்செதுக்கு வேலை செய்தவர். அவர் 1794-ல் இறந்ததும் டேவி ஒரு வைத்தியரிடம் தொழில் பழகப் போனார். காலேஜ் பக்கமே போகவில்லை (வீட்டில் சொல்லிடாதீங்க). 1798-ல் பிரிஸ்டலில், வாயுக்களால் நோய் தீருமா என்று ஆராயும் நிலையத்தில் வேலை. சோதனை எலி அவரேதான். நைட்ரஸ் ஆக்ஸைடை இழுத்துப் பார்த்தார், சிரிப்பு வந்தது. கார்பன் மோனாக்ஸைடு கலந்த வாயுவை இழுத்து, செத்துப் பிழைத்தார். ஆபரேஷனில் வலி தெரியாமலிருக்க நைட்ரஸ் ஆக்ஸைடு உதவலாம் என்று 1800-லேயே எழுதிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டார். டாக்டர்கள் அதைப் பிடித்துக்கொள்ள இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. எனக்கு அவர் மேல் இருக்கும் ஒரே கோபம் இதுதான்.

1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன். வோல்ட்டாவின் பேட்டரி அப்போ புதுசு. காஸ்டிக் பொட்டாஷையும் சோடாவையும் அதுவரை யாராலும் பிரிக்க முடியவில்லை. தண்ணீரில் கரைத்து கரன்ட் விட்டால் தண்ணீர்தான் பிரிந்தது. நன்றாகக் காயவைத்தால் கரன்ட்டே போகவில்லை. லேசாக ஈரம் பட்ட பொட்டாஷ் துண்டில் கரன்ட் பாய்ந்ததும் அது உருகி, பாதரசம் மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகள் வந்தன. பொட்டாசியம்! டேவி ரூமெல்லாம் குதித்து ஆடினாராம். சில நாளில் சோடியம். சோடா லேசில் மசியவில்லை. பேட்டரியின் பவரைக் கூட்டணும், இல்லைன்னா துண்டைச் சின்னதாக்கணும். வந்த உருண்டைகளில் சில வெடித்து, எரிந்துகொண்டே பறந்தன. நாஃப்தா எண்ணெயில் போட்டால் கெடாமல் இருக்கும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். நம்ம லேப் பாட்டிலின் கதை அங்கே ஆரம்பிக்குது.

இன்னைக்கு கல்பாக்கம் ஃபாஸ்ட் ப்ரீடர் ரியாக்டரில் கூலன்ட்டாக ஓடுவது திரவ சோடியம். 98 டிகிரியில் உருகும், 880 தாண்டித்தான் கொதிக்கும், வெப்பத்தை வேகமாகக் கடத்தும். ஆனா ஸ்டீம் ஜெனரேட்டரில் ஒரு குழாய் லீக் ஆனாலும் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனும் சூடும் கிளம்பும். டேவி பார்த்த அதே குணம்.

கண்டுபிடிப்பை அறிவித்த கையோடு பல வாரம் படுத்த படுக்கையானார். 1812-ல் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு வெடித்து கண்ணில் அடி. எழுத முடியாததால் ஒரு பையனை உதவிக்கு வைத்துக்கொண்டார். அவர் பெயர் மைக்கேல் ஃபாரடே. 1815-ல் சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்து கொடுத்தார், பேட்டன்ட் வாங்கவில்லை. 1829-ல் ஜெனீவாவில் இறந்தபோது வயசு 50.